பேரப்பிள்ளைக்கு இணையத்தில் ஒரு பொம்மை: வணிகர்களுக்கு ஒரு பாடம்

மூட்டையில் குத்தூசி போட்டு நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்க்காமல் நாம் அரிசி வாங்குவதில்லை. துவரம் பருப்பு என்றால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறோம். மிளகாய் வற்றல் என்றால் மூட்டையின் அடியிலிருந்து ஒரு கை எடுக்கச் சொல்கிறோம். மண்டிக்காரர் முப்பது வருடப் பழக்கமானாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட நாமே, பெங்களூரிலோ கோவையிலோ இருக்கும் பேத்திக்குப் பிறந்த நாள் வந்துவிட்டால், இரவு கடை கட்டிய பிறகு கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துப் பஞ்சடைத்த கரடி பொம்மைக்குப் பணம் கட்டிவிடுகிறோம். சரக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. விற்பவர் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. எடை எவ்வளவு என்றுகூடப் பார்ப்பதில்லை.

இணைய வணிகத்தை எதிர்த்துக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் இணையத்தில் வாங்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நமது கடைத்தெருவில் கிடைக்காத ஒரு பொருளை, நம்மால் உடனே போக முடியாத ஊரில், பிள்ளையின் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வசதியை யாரும் பயன்படுத்தலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கும்போது வணிகனின் கண்ணைக் கழற்றி வைத்துவிடக் கூடாது என்பதுதான் நமது கருத்து. இணையத்தில் ஒரு பொம்மை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம், நம் கடை வாசலில் கயிற்றில் தொங்கும் பொம்மைகளுக்கும் பொருந்தும். அதனால்தான் இந்தச் சிறு விஷயத்தை நமது இதழில் ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

அளவும் எடையும்

நமக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவர் பேரனுக்கு யானை பொம்மை ஒன்று வாங்கினார். படத்தில் ஒரு குழந்தை அந்த யானையின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. வந்து சேர்ந்த யானையோ ஒரு படி டப்பாவுக்குள் அடங்கும். சண்டை போடலாம் என்று பட்டியலைத் திறந்து பார்த்தால், கீழே சிறிய எழுத்தில் 22 செ.மீ. என்று தெளிவாகவே போட்டிருந்தது. விற்றவர் மேல் குற்றம் சொல்ல வழியில்லாத வகையில் எழுதப்பட்ட பட்டியல் அது.

இதில் வித்தை என்னவென்றால், பஞ்சுப் பொம்மைக்கு அளவெடுக்கப் பல வழி உண்டு. நின்ற உயரம் ஒன்று. உட்கார்ந்த உயரம் இன்னொன்று. துதிக்கை நுனியிலிருந்து வால் நுனி வரை மூன்றாவது. கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கரடிக்கு, தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் வளைவோடு நாடா பிடித்து அளந்தால் மூன்று அடி வரும். தரையில் உட்கார வைத்தால் இரண்டடிகூடத் தேறாது. ஆகவே எந்த அளவு என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் விற்பவரிடம் கேள்வி கேட்க அந்தப் பக்கத்திலேயே வசதி இருக்கும். சென்டிமீட்டரை அடியாக்கிக் கொள்ள 30-ஆல் வகுத்தால் போதும். பிறகு அடிக்கோலைச் சுவரில் வைத்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். படத்தில் அருகே இருக்கும் குழந்தையை நம்பாதீர்கள். கணினியில் குழந்தையைப் பக்கத்தில் ஒட்டுவது இன்று யாருக்கும் எளிது.

அடுத்தது எடை. பருப்பு வியாபாரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு கரடிகளில் ஒன்று 400 கிராம், மற்றது 900 கிராம் என்றால் உள்ளே போயிருக்கும் பஞ்சில்தான் வித்தியாசம். பாலியெஸ்டர் பஞ்சு போட்டால் அமுக்கியதும் திரும்ப எழும்பும், துவைத்தாலும் ஓரளவு நிற்கும். கழிவுப் பஞ்சும் துணி வெட்டும் திணித்திருந்தால் எடை இருக்கும், ஆனால் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். ஈரம் பட்டால் வாடை அடிக்கும். ஆக எடை அதிகம் என்றாலே தரம் என்று முடிவு கட்டவும் முடியாது. எடையையும் நிரப்பிய பொருளின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் எழுதப்படாத பட்டியலை நாம் தாண்டிப் போய்விடுவதே வழக்கம்.

பெரிய பொம்மை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. கூரியர்காரர் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்குப் போடுகிறார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலாக உள்ள முறை. 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரமுள்ள பெட்டி என்றால் 96,000. வகுத்தால் 19.2 கிலோ! உள்ளே இருக்கும் கரடியோ இரண்டு கிலோதான் இருக்கும். இந்தக் கூலியைத் தாங்க முடியாமல்தான் பெரிய பொம்மைகளைக் காற்றை உறிஞ்சி அப்பளம் மாதிரி தட்டையாக்கி அனுப்புகிறார்கள். பார்சலைப் பிரித்ததும் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். உதறி, தட்டி, ஒரு நாள் காற்றோட்டமாக வைத்தால் நல்ல பஞ்சு எழும்பிவிடும். எழும்பாவிட்டால் அது பஞ்சின் தரத்தைச் சொல்லிவிடும்.

விற்பவர் யார்?

இணையக் கடைகளில் பெரும்பாலானவை சந்தை முறையில் நடப்பவை. பெரிய பெயர் பலகை ஒருவருடையது, உள்ளே கடை போட்டிருப்பவர் வேறொருவர். வாரச் சந்தைக்கு ஏலம் எடுத்தவர் ஒருவர், தரையில் சாக்கு விரித்து விற்பவர் இன்னொருவர் என்பதைப் போலத்தான். பலகையைப் பார்த்துப் பணம் கட்டினால் போதாது. அந்தக் குறிப்பிட்ட பொருளை 'விற்பவர்' என்று யார் பெயர் போட்டிருக்கிறது, முகவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள் இதில் வாங்குபவருக்கு நல்ல பிடிமானம் தருகின்றன. விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு விவரம், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதெல்லாம் காட்டப்பட வேண்டும். குறை கேட்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. "இந்தப் பொருளைத் திருப்ப இயலாது" என்று பட்டியலில் போட்டுவிட்டால் இந்தக் கடமை போய்விடாது.

தயாரான நாடு எது என்று பார்ப்பதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகும் வெளிநாட்டுக் கரடி ஒன்று உள்நாட்டுக் கரடியைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், கொள்முதல் தெரிந்த நமக்கு அந்தக் கணக்கு உதைக்க வேண்டும்.

முத்திரை

பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை 2020-இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதே அதன் சாரம். பஞ்சுப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873 என்ற தரம். பாட்டுப் பாடும், விளக்கு எரியும் பொம்மை என்றால் அது மின்சாரப் பொம்மைக் கணக்கில் சேர்ந்து ஐ.எஸ். 15644 ஆகிவிடும். முத்திரையின் மேலே இந்தத் தர எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். வெறும் முத்திரையை எந்த அச்சகத்திலும் அடித்துவிடலாம். உரிம எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, இன்றும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். கைவினைஞர் துறை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு.

பெரிய நிறுவனத்தின் கிடங்கிலிருந்து வருகிறது, முத்திரை இல்லாமலா இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2025 மார்ச்சில் நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே பெரிய இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகளில் அமைவனத்தின் அதிகாரிகள் சோதனையிட்டு, முத்திரை இல்லாத ஆயிரக்கணக்கான பொருள்களைக் கைப்பற்றினார்கள். அவற்றில் பொம்மைகளும் இருந்தன.

முத்திரைக்குப் பின்னால் ஒரு நல்ல வியாபாரக் கதையும் உண்டு. ஜெர்மனியில் கிங்கன் என்ற சிற்றூரில் மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற அம்மையார் இருந்தார். சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாதவர், தையல்காரி. 1880-இல் ஊசி குத்தி வைக்க யானை வடிவில் ஒரு மெத்தை தைத்தார். குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொள்ளவே பொம்மை வியாபாரம் பிறந்தது. அவருடைய அண்ணன் தம்பி மக்களில் ஒருவரான ரிச்சர்டு 1902-இல் கை கால் அசையும் கரடியை வடிவமைத்தார். அதே ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த செய்தி பரவி, அவருடைய செல்லப் பெயரான 'டெடி' கரடி பொம்மைக்கு ஒட்டிக்கொண்டது. கரடி விற்றதும் போலிகள் வந்தன. ஸ்டைஃப் கம்பெனி 1904-இல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானைப் பதித்துவிட்டது. நூறு ஆண்டுகள் தாண்டியும் அந்தப் பொத்தான் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. நெய்க்கும் பெருங்காயத்துக்கும் மார்க் பார்த்து வாங்கும் நம் வாடிக்கையாளரும் இதே புத்தி உள்ளவர்தான்.

குழந்தையின் வயது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. விலையைக்கூட இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். கரடியின் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் இவை பிடுங்கிக்கொண்டு வந்தால் தொண்டையில் அடைக்கும். இதற்காக ஆய்வுக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையிலிருந்து கழன்று வரும் துண்டு எதுவும் அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது. தையலையும் ஏறத்தாழ 7 கிலோ எடை தொங்கும் அளவுக்கு இழுத்துப் பார்க்கிறார்கள். முத்திரை என்பது வெறும் காகிதச் சடங்கு என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறு குழந்தைக்குக் கண்ணும் மூக்கும் நூலால் பின்னிய பொம்மையே சிறந்தது. கழுத்தில் நீண்ட ரிப்பன், உதிரும் முடி, மணி கோத்த பொம்மை வேண்டாம். "3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்று போட்டிருந்தால், நம் பேரன் வயதுக்கு மீறிய கெட்டிக்காரன் என்பதால் இரண்டு வயதிலேயே கொடுத்துவிடக் கூடாது. அந்த எச்சரிக்கை அறிவைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் தொட்டிலிலும் தூளியிலும் பஞ்சுப் பொம்மையே வைக்கக் கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். முகத்தில் அழுந்தினால் மூச்சு முட்டும். பாடும் பொம்மைகளில் வரும் பொத்தான் பேட்டரி இன்னும் ஆபத்தானது. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.

விலையும் பணம் கட்டுவதும்

ரூ.2,999 என்று போட்டு அதை வெட்டி ரூ.549 என்று எழுதியிருப்பதைக் கண்டு நாம் மயங்க மாட்டோம். அதிகபட்ச சில்லறை விலையை அட்டையில் எவ்வளவு உயர்த்தி அச்சடிக்க முடியும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வெட்டிய எண்ணை மறந்துவிட்டு, அதே அளவு, அதே எடையில் மூன்று கடைகளின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். "இன்னும் 2 மட்டுமே மீதம்", "10 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்ற அவசரமும், நாம் கேட்காத காப்பீட்டையோ பரிசுத் தாளையோ கணக்கில் நுழைத்துவிடுவதும் 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்டவை. ஆனாலும் நடக்கின்றன. பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை வரி வரியாகப் படியுங்கள். மண்டிப் பில்லில் கூலி, தரகு, சாக்கு என்று படிப்பது போல.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் அதிகம் உதவுவதில்லை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் நிதானமாக எழுதியிருப்பார். பொம்மையைத் தன் வீட்டு நாற்காலியில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தால் அந்த ஒரு படம் விற்பவரின் பத்துப் படங்களுக்குச் சமம்.

பார்சலைப் பிரிக்கும்போது மகனையோ மருமகளையோ கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். சேதம் இருந்தால் அதுவே சாட்சி. திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் அந்தக் கடையின் செயலிக்குள் இருந்தே செய்ய வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைத்த 'வாடிக்கையாளர் சேவை' எண்ணுக்குப் பேசிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பணம் திரும்பி வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை என்பது தினமும் கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்கும் நமக்குத் தெரியும்; ஊரில் இருக்கும் வயதான உறவினருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930, பொருள் தொடர்பான புகாருக்கு 1915.

நம் கயிற்றில் தொங்குபவை

இனி நம் கடைக்கு வருவோம். மளிகைக் கடை வாசலில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் நாலு பஞ்சுக் கரடியும் ரெண்டு கிலுகிலுப்பையும் தொங்குவது பழைய வழக்கம். அம்மாவுடன் வரும் குழந்தை அழுது ஒன்று வாங்காமல் போகாது. நல்ல லாபம்தான். ஆனால் பாரிமுனைப் பக்கத்திலிருந்து துண்டுச் சீட்டில் டஜன் கணக்கில் வரும் அந்தப் பொம்மையில் முத்திரை இருக்கிறதா?

முத்திரை கட்டாயமான பொருளை முத்திரையில்லாமல் தயாரிப்பது மட்டுமல்ல, விற்பதும், இருப்பு வைப்பதும், விற்பனைக்குத் தொங்கவிடுவதும் 2016-ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைவனச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை என்று அந்தச் சட்டம் வகுத்தது. நாற்பது ரூபாய்ப் பொம்மையில் பத்து ரூபாய் லாபம் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தாங்கும்?

அதைவிட நாம் அஞ்ச வேண்டியது இன்னொன்று. பொம்மையின் கண் கழன்று ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரித்தவரைத் தேடும். தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை என்றால் விற்ற கடைக்காரரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாகலாம். பில் இல்லாத சரக்கில் தயாரித்தவரை எங்கே காட்டுவது? அந்தக் குழந்தை நம் தெருக் குழந்தை. அதன் தாத்தா நம்மிடம் மாதச் சாமான் வாங்குகிறவர்.

ஆகவே சரக்கு எடுக்கும்போது உரிம எண்ணை மொத்த வியாபாரியின் கடையிலேயே நின்று செயலியில் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. இல்லாத சரக்கை அவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் அவரும் முத்திரைச் சரக்கு வாங்கி வைப்பார். ஒரு பொம்மையை உறையிலிருந்து வெளியே எடுத்துக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அமுக்கிப் பார்த்து வாங்க இணையத்தில் வழியில்லை, நம்மிடம் உண்டு. தையல் பிரிந்தது என்று மூன்றாம் நாள் கொண்டு வந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். அங்கே இருந்து நம் வாடிக்கையாளர் பழகிக்கொண்டு வந்திருப்பது அதைத்தான். பொம்மை பில்களை மளிகை பில்களோடு கலக்காமல் தனிக் கோப்பில் வைத்து, உரிம எண் அச்சான அட்டைத் துண்டு ஒன்றை ஒவ்வொரு பில்லோடும் குத்தி வையுங்கள்.